உயர்நிலை 2 தொழில்நுட்ப வகுப்பு: நான்காம் வாரத்தில் ஆர்வம் வடிந்துபோகிறது, எங்கே ஓட்டை?

திருகாணி கேட்டது:

வணக்கம். சிங்கப்பூர்ப் பள்ளியில் மூன்றாம் தவணைக்கு உயர்நிலை 2 டி அண்ட் டி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்தைத் திட்டமிட உட்கார்ந்திருக்கிறேன். பட்டறையில் ஒரு நேரத்தில் 20 பேர். வாரம் ஒரு வகுப்பு, 70 நிமிடம். கையிருப்பு: மைக்ரோபிட் (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்பலகை) இரண்டாம் பதிப்பு 20, எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்) 20, லேசர் கட்டர் ஒன்று, த்ரீடி பிரிண்டர் இரண்டு. மாணவர்களிடம் குரோம்புக் உண்டு. செய்யவேண்டியது, ஓர் உணர்வியும் ஒரு சர்வோவும் வைத்த சிறு சாதனம். அதற்கு 3 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் பெட்டி.

முதல் இரண்டு வாரம் மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்து போகமாட்டார்கள். நான்காம் வாரம் வந்தால் ஐந்து பேர் முடித்துவிட்டு அரட்டை, ஏழெட்டுப் பேர் கையைத் தூக்கியபடி காத்திருப்பு, மற்றவர்கள் குரோம்புக்கில் வேறு பக்கம். 2024இலிருந்து ஜி1, ஜி2, ஜி3 என்ற கடின நிலைகளில் எந்த நிலையில் மற்றப் பாடங்களைப் படித்தாலும் இந்தப் பாடத்துக்கு எல்லாரும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள். அதனால் வேகமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

மூன்று கேள்வி. ஆர்வம் எந்த இடத்தில் ஒழுகுகிறது? தலைப்பை அவர்களே எடுக்க விடலாமா, ஒரே தலைப்பு கொடுக்கலாமா? புள்ளிகள், பரிசு என்று வைத்தால் பயன் இருக்குமா?

---

மரத்தூள்:

முதலில் நேரக் கணக்கைப் போடுங்கள். ஏப்ரன் கட்டி, கண்ணாடி மாட்டி உட்கார 8 நிமிடம். கடைசியில் பெருக்கிக் கருவிகளை எண்ணிவைக்க 10. உங்கள் விளக்கம் 12. மிஞ்சுவது 40 நிமிடம். ஒரு பெட்டியை லேசரில் வெட்ட 6 நிமிடம் என்று வைத்தால் 20 பெட்டிக்கு 120 நிமிடம், அதாவது மூன்று வகுப்பு. ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடும் த்ரீடி அச்சு என்றால் மொத்தம் 30 மணி நேரம், இரண்டு பிரிண்டருக்கும் தலா 15. நான்காம் வாரம் என்பது எல்லாரும் வரைந்து முடித்து ஒரே இயந்திரத்தின் முன் வந்து நிற்கும் வாரம். ஒழுகும் இடம் அதுதான். ஆர்வம் முதல் வாரம் இருந்தபடியேதான் இருக்கிறது, வரிசைதான் நீண்டுவிட்டது.

மூன்றாம் தவணை பெயருக்குத்தான் 10 வாரம். இளையர் தினத் திங்கள், தேசிய தினம், அதற்கடுத்த பள்ளி விடுமுறை, மற்றப் பாடங்களின் மதிப்பீடுகள் எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு வகுப்பைத் தின்றுவிடும். 8 வகுப்புக்குத் திட்டமிடுங்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதல் இரண்டு வாரம் எல்லாரும் சேர்ந்து. 3, 4ஆம் வாரம் பத்துப் பேர் மின்சுற்றும் நிரலும், மற்றப் பத்துப் பேர் பெட்டி. 5, 6இல் இடம் மாறுகிறார்கள். 7இல் பொருத்துதல், 8இல் வெளியாள் ஒருவர் கையில் கொடுத்துச் சோதனை. நாலைந்து நிலையங்கள் வைத்துச் சுற்றிவிடும் முறை காகிதத்தில் அழகாக இருக்கும், இங்கே உதவாது. வரையாமல் வெட்ட முடியாதே, வெட்டும் நிலையத்தில் முதல் வாரம் வந்து நிற்கும் குழு என்ன செய்யும்?

பெட்டிப் பிரிவின் முதல் வாரம் முழுக்க அட்டையும் கத்திரியும்தான். தானியப் பெட்டி அட்டையில் முழு அளவு மாதிரி. எஸ்ஜி90 உடம்பு ஏறக்குறைய 22.5க்கு 12 மில்லிமீட்டர், எனவே துளை 23க்கு 12.5. பேட்டரிப் பெட்டி உள்ளே போகிறதா, யூஎஸ்பி கேபிள் செருக இடமிருக்கிறதா என்று அட்டையிலேயே தெரிந்துவிடும். கேபிளுக்குத் துளை விட மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ப்ளைவுட்டில் கண்டுபிடித்தால் ஒரு வாரம் போய்விடும், அட்டையில் என்றால் இரண்டு நிமிடம்.

வெட்டும்போது 600க்கு 300 மில்லிமீட்டர் பலகையில் ஐந்து பெட்டியை ஒன்றாக அடுக்குங்கள். 100, 60, 40 அளவுப் பெட்டி ஒன்றுக்கு ஆறு பக்கமும் சேர்த்து 24,800 சதுர மில்லிமீட்டர், பலகை 180,000. ஐந்து தாராளமாக அடங்கும். கோப்பு முந்தின நாள் இரவுக்குள் மாணவர் கற்றல் தளத்தில் வந்துவிட வேண்டும். வந்ததும் மூன்றைப் பாருங்கள்: அளவு மில்லிமீட்டரில் இருக்கிறதா, வெட்டும் கோட்டுக்கு உங்கள் இயந்திரம் கேட்கும் நிறம் கொடுத்திருக்கிறார்களா, ஒரே கோடு இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறதா. இரட்டைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. லேசர் அதே தடத்தில் இரண்டு முறை போய் ஓரத்தைக் கருக்கிவிடும், நேரமும் இரட்டிப்பு.

த்ரீடி அச்சுக்குக் கறாரான வரம்பு வையுங்கள்: 40க்கு 40க்கு 20 மில்லிமீட்டருக்குள், மென்பொருள் காட்டும் நேரம் 30 நிமிடத்துக்குள். அடுக்கு 0.28 மில்லிமீட்டர், உள்நிரப்பு 15 விழுக்காடு. மேலே போனால் மாணவரே திருத்த வேண்டும். சுவரை எங்கே மெல்லிசாக்கலாம், தாங்குகட்டை இல்லாமல் எப்படித் திருப்பி வைக்கலாம் என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதுதான் இந்தப் பாடத்தின் சாரமே. நம் ஊர் ஈரத்தில் பிஎல்ஏ இழையை (அச்சுக்கான பிளாஸ்டிக் நூல்) திறந்து போட்டால் அச்சிடும்போது சடசடவென்று பொரியும், நூல் நூலாக இழுக்கும். 45 முதல் 50 டிகிரியில் நாலைந்து மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்துவிடுங்கள்.

---

ஓம்விதி:

கையைத் தூக்கி நிற்கும் ஏழெட்டுப் பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஆளுக்கு 3 நிமிடம் என்றால் எட்டாவது பிள்ளை 21 நிமிடம் சும்மா இருக்கிறது. அவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை திரும்பத் திரும்ப வரும் சில கோளாறுகள்தான். இவற்றை ஓர் அட்டையில் அச்சிட்டு மேசைக்கு ஒன்று ஒட்டுங்கள். அட்டையைத் தாண்டி வந்த கேள்விக்கு மட்டும் நீங்கள் போங்கள்.

கணினி பலகையைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள். மின்னேற்றம் மட்டும் செய்யும் கேபிளில் விளக்கு எரியும், தகவல் போகாது. தவணை தொடங்கும் முன் எல்லாக் கேபிளையும் ஒரு தடவை சோதித்து, நல்லதற்குப் பச்சை டேப் சுற்றுங்கள். மற்றதைப் பட்டறையை விட்டே அனுப்பிவிடுங்கள். அலமாரியில் வைத்தால் மூன்றாம் நாள் திரும்ப வந்துவிடும்.

கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மேக்கோட் இணையப் பக்கத்திலிருந்து குரோம்புக் வழியே பலகைக்கு நேராக இறக்க வெப்யூஎஸ்பி (உலாவி யூஎஸ்பி கருவியோடு பேசும் வழி) அனுமதி வேண்டும். கருவி நிர்வாகத்தில் அது அடைபட்டிருந்தால் நிரலின் ஹெக்ஸ் கோப்பைப் பதிவிறக்கி மைக்ரோபிட் என்று தெரியும் இயக்ககத்தில் இழுத்துப் போடலாம். வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே ஒரு மாணவர் கணக்கில் நுழைந்து பாருங்கள். ஆசிரியர் கணக்கில் வேலை செய்வது மாணவர் கணக்கில் செய்யும் என்று நம்பாதீர்கள்.

இயக்ககத்தின் பெயர் மெயின்டனன்ஸ் என்று வந்தால் பலகை கெட்டுப்போகவில்லை. ரீசெட் பொத்தானை அழுத்தியபடி கேபிளைச் செருகியிருக்கிறார்கள். கழற்றி, பொத்தானைத் தொடாமல் மறுபடி செருகினால் சரி.

அடுத்தது சர்வோ. நான்காம் வார வாட்டத்தில் இதற்குத்தான் பெரிய பங்கு. பிள்ளைகள் சர்வோவின் சிவப்புக் கம்பியை மைக்ரோபிட்டின் 3 வோல்ட் பட்டையில் மாட்டுவார்கள். இரண்டாம் பதிப்பு அந்தப் பட்டை வழியாக வெளியே கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 190 மில்லிஆம்பியர். சர்வோ சிக்கிக்கொண்டு முக்கும்போது 600க்கு மேல் இழுக்கும். மின்னழுத்தம் சரிந்து பலகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடையாளம் இதுதான்: தொடக்கத்தில் காட்டும் இதயப் படம், சர்வோ அசையும் ஒவ்வொரு தடவையும் திரும்ப வரும். மாணவர் நிரலில் தப்பு என்று நினைத்து அரை மணி நேரம் கட்டங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பார். கடைசியில் "எனக்கு இது வராது" என்று முடிவுக்கு வந்துவிடுவார். தப்பே இல்லாத நிரலை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அப்படி நினைத்துக்கொள்வது எனக்குப் பொறுக்காத ஒன்று.

தீர்வு: மூன்று டபுள்ஏ பேட்டரி, 4.5 வோல்ட், சர்வோவுக்கு மட்டும். சிவப்பு பேட்டரியின் நேர்முனைக்கு, பழுப்பு எதிர்முனைக்கு, ஆரஞ்சு மைக்ரோபிட்டின் பி0 முனைக்கு. பிறகு பேட்டரியின் எதிர்முனையிலிருந்து மைக்ரோபிட்டின் ஜிஎன்டி முனைக்கு (அதன் எதிர்முனை) ஒரு கம்பி. இந்தக் கடைசிக் கம்பியை விட்டுவிட்டால் சர்வோ நடுங்கிக்கொண்டே இருக்கும், சொன்ன கோணத்துக்குப் போகாது. 4.5 வோல்ட்டைத் தவறியும் 3 வோல்ட் பட்டையில் கொடுக்கக்கூடாது, பலகை போய்விடும். பேட்டரிப் பெட்டியின் சிவப்புக் கம்பி முனையில் முதலை கிளிப் வைக்காமல் சர்வோவின் மூன்று முனைச் செருகியோடு சேரும் இணைப்பியைப் பொருத்திவிட்டால் அந்தத் தப்பைச் செய்யவே வழி இருக்காது.

சின்னச் சின்னவை: முதலை கிளிப்பைப் பெரிய துளைக்குள் நிமிர்த்திக் கடிக்கவிட வேண்டும். படுக்கவைத்தால் பக்கத்து மெல்லிய பட்டைகளையும் தொட்டுவிடும். நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் ஓரத்து மின்கோடு நடுவில் அறுபட்டிருக்கும், பாதிக்கு மேல் மின்சாரம் போகாது. எல்இடிக்கு 330 ஓம் மின்தடை, பட்டை நிறம் ஆரஞ்சு ஆரஞ்சு பழுப்பு. சிவப்பு எல்இடிக்குச் சுமார் 4 மில்லிஆம்பியர் வரும், கண்ணுக்குப் போதும். பலகைகள் ஒன்றோடொன்று பேசும் வானொலி கட்டத்தைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு இணைக்கும் குழு எண் தனித்தனி, பலகையின் பின்னால் ஸ்டிக்கரில். எல்லாரும் 1 என்று வைத்தால் ஒருவர் பொத்தானை அழுத்த இன்னொருவர் மேசையில் சர்வோ குதிக்கும்.

---

திருகாணி:

ஓம்விதி ஐயா, இதயப் படம் திரும்ப வருவதை இத்தனை நாள் நிரல் பிழை என்றே எடுத்துக்கொண்டேன். அட்டையில் முதல் வரியாகப் போடுகிறேன். மரத்தூள் சொன்ன இரண்டு பிரிவு முறையும் பிடிபட்டது.

நிரல் பக்கம் இன்னொரு சிக்கல். திரையில் நான் செய்து காட்டியதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து அடுக்குகிறார்கள். ஓடுகிறது. ஓர் எண்ணை மாற்றச் சொன்னால் எதை மாற்றுவது என்று தெரியவில்லை. ஐந்தே நிமிடத்தில் முடிப்பவர்களும் அப்படித்தான் முடிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

---

அடைப்புக்குறி:

இந்தப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே கட்ட நிரலைப் பார்த்துவிட்டவர்கள். கோட் ஃபார் ஃபன் என்ற நிரல் பயிற்சித் திட்டம் 2014இல் தொடங்கி, 2020இலிருந்து தொடக்கப்பள்ளி மேல்வகுப்பு எல்லாருக்கும் ஆயிற்று, 10 மணி நேரம். உயர்நிலை 2இல் மறுபடி இதயத்தை மின்ன வைத்துத் தொடங்கினால் "இதுதானா" என்று சாய்ந்துகொள்வார்கள். ஆனால் அவர்கள் செய்ததெல்லாம் நினைவில் நிற்கிறது என்றும் எண்ணிவிட முடியாது. இரண்டுக்கும் ஏற்ற வழி, வேலை செய்யும் நிரலை முழுசாகக் கையில் கொடுத்து அதிலிருந்து தொடங்குவது.

ப்ரிம் என்று கணினிக் கல்வியில் ஒரு முறை உண்டு. ஊகி, இயக்கு, ஆராய், மாற்று, உருவாக்கு என்று ஐந்து படி. நீங்கள் நேராக ஐந்தாம் படியில் நிற்கிறீர்கள், அவர்கள் முதல் நான்கைத் தாண்டவே இல்லை. ஒரு வகுப்புக்கு இப்படிப் போகும்:

பத்துப் பன்னிரண்டு கட்டம் உள்ள நிரலை அச்சிட்டுக் கொடுங்கள், குரோம்புக் மூடியிருக்கட்டும். எடுத்துக்காட்டாக, மண் ஈரம் 400க்குக் கீழே போனால் சர்வோ 90 டிகிரிக்குத் திரும்பும், பொத்தான் ஏவை அழுத்தினால் ஈர அளவைக் காட்டும். "ஈரம் 399. என்ன நடக்கும்? ஈரம் 400. இப்போது?" என்று கேட்டு, பென்சிலால் எழுதவையுங்கள், 5 நிமிடம். பிறகு திறந்து ஓட்டிப் பார்க்கட்டும். ஊகம் பொய்த்த இடத்தில்தான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எழுதிவைக்காவிட்டால் "எனக்கு அப்பவே தெரியும்" என்று நழுவிவிடுவார்கள், ஆகவே எழுதவைப்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆராயும் படிக்குக் கோளாறு வைத்த நிரலைக் கொடுங்கள். நல்ல கோளாறு மூன்று சொல்கிறேன். ஒன்று, 'பொத்தான் ஏ அழுத்தப்பட்டால்' என்ற நிபந்தனையை எப்போதும் சுழலுக்குள் வைத்து, அதே சுழலில் 5,000 மில்லிநொடி இடைநிறுத்தம். பொத்தான் சில நேரம் கேட்கும், பல நேரம் கேட்காது. நிறுத்தம் நடக்கும்போது யாரும் பொத்தானைப் பார்ப்பதில்லை என்று கண்டுபிடித்தால் நிகழ்வுக் கட்டம் (பொத்தானை அழுத்தியதும் தானே இயங்குவது) எதற்கென்று தானே புரியும். இரண்டு, உணர்வியைப் படிப்பதைத் தொடக்கக் கட்டத்துக்குள் வைத்துவிடுவது. ஒரே ஒரு முறை படித்து அதே எண்ணை நாள் முழுக்கக் காட்டும். மூன்று, திரையில் நீளமான வாசகம். எழுத்து ஓடி முடியும்வரை அதே சுழலின் அடுத்த கட்டம் காத்திருக்கும், உணர்வி மந்தம் என்று தோன்றும்.

இந்த வேலையில் ஒரு குரோம்புக்குக்கு இருவர். ஒருவர் கை விசைப்பலகையில், மற்றவர் சொல்லவேண்டும், தொடக்கூடாது. 6 நிமிடத்துக்கு ஒருமுறை மணி, கை மாறும். பலகை 20 இருக்கிறதே என்று ஆளுக்கொன்று கொடுத்தால் தடுமாறும் பிள்ளை தனியாகத் தடுமாறும். மணியை நீங்கள் மறந்தால் வேகமான பிள்ளையே முழு நேரமும் வண்டி ஓட்டும், எனவே மணியைச் சுவர்த் திரையில் ஓடவிடுங்கள்.

பைத்தான் காட்ட நினைத்தால் 'மாற்று' படியில் காட்டுங்கள். மேக்கோட்டிலேயே கட்டத்தைப் பைத்தானாகத் திருப்பும் பொத்தான் உண்டு. ஓர் எண்ணைப் பைத்தானில் மாற்றிவிட்டுக் கட்டத்துக்குத் திரும்பினால் அங்கேயும் மாறியிருக்கும். மேல்வகுப்பில் கணினியியல் பாடத்துக்குப் போக எண்ணுகிறவர்களுக்கு அங்கே பைத்தான்தான் வரப்போகிறது. அதற்குமேல் உயர்நிலை 2இல் திணிக்கவேண்டாம்.

---

வெர்னியர்:

தலைப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. "எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்றால் இரண்டு வாரம் கார், ரோபோ, குப்பைத்தொட்டி என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இணையத்தில் பார்த்த ஒன்றை எல்லாரும் செய்வார்கள். ஒரே தலைப்பைக் கொடுத்தால் 20 பேரும் ஒன்றையே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், யாருக்கும் அது தன்னுடையதாக இருக்காது. இடத்தை நீங்கள் கொடுங்கள், ஆளை அவர்கள் தேடட்டும்.

இடம் என்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம். மூன்று சிக்கல் போதும். பூந்தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீர்: ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான், தட்டைத் தூக்கிக் கொட்டச் சொல்லித் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது, வீட்டில் ஒருவரும் நினைவில் வைப்பதில்லை. மூங்கில் கழியில் துணி காயும்போது வரும் மழை. தாத்தா பாட்டியின் மாத்திரை நேரம். மூன்றில் ஒன்றை எடுத்து, அந்த வீட்டில் யாருக்காகச் செய்கிறோம் என்று ஒரு பெயர் சொல்லவேண்டும். அவரிடம் ஐந்து கேள்வி கேட்டு வரவேண்டும். பாட்டிக்குக் காது மந்தம் என்று தெரிந்தால் ஒலி வேண்டாம், கொடி தூக்கும் சர்வோ வேண்டும் என்று முடிவு தானாக வரும். அந்த முடிவை எடுத்த பிள்ளை ஆறாம் வாரத்திலும் கைவிடாது.

ஈரத்துக்குக் கடையில் வாங்கும் உணர்வி வேண்டாம், இரண்டு ஆணி போதும். ஆனால் ஆணியில் எந்நேரமும் மின்சாரம் ஓடினால் சில நாளில் ஒரு முனை அரித்துக் கறுத்துவிடும், அளவும் நகர்ந்துவிடும். ஓர் ஆணிக்கு மைக்ரோபிட்டின் பி1இலிருந்து மின்சாரம் கொடுத்து, மற்ற ஆணியைப் பி2இல் படித்து, உடனே பி1ஐ அணைக்கவேண்டும். பி2இலிருந்து ஜிஎன்டிக்கு 10 கிலோஓம் மின்தடை ஒன்று. மணிக்கு ஒரு முறை படித்தால் போதும், செடி அவசரப்படாது. ஒரு முறை உலர்ந்த மண்ணிலும் ஒரு முறை தண்ணீர் ஊற்றியும் படித்து, நடுவில் ஒரு எண்ணை வரம்பாக எடுக்கட்டும். அடைப்புக்குறி எழுதிய 400 எல்லார் மண்ணுக்கும் பொருந்தாது. மைக்ரோபிட்டின் வெப்பமானியை நம்பி எதையும் செய்ய விடாதீர்கள், அது சில்லின் சூட்டை அளக்கிறது, அறையைவிடச் சில டிகிரி கூடக் காட்டும். கைத்தட்டலைக் கேட்டு இயங்கும் சாதனமும் பட்டறையில் தோற்கும், புகை உறிஞ்சும் விசிறி ஓடும்போது ஒலி அளவு எப்போதும் மேலேயே இருக்கும்.

ப்ளைவுட் வாங்கியதும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டர் என்று விற்பது 2.7ஆகவும் இருக்கும், 3.1ஆகவும் இருக்கும், ஒரே கட்டுக்குள்ளேயே மாறும். வெட்டும்போது லேசர் கற்றை தின்னும் அகலம் இடத்துக்கு இடம் மாறினாலும் ஏறக்குறைய 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர். விரற்பூட்டு (பலகை ஓரங்கள் பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும் இணைப்பு) தொளதொளத்தால் பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். 2.6இலிருந்து 3.1 வரை 0.1 கூட்டி ஆறு காடி போட்ட சோதனைத் துண்டு ஒன்றை முதல் வாரம் வெட்டுங்கள். எது இறுக்கமாகப் பிடிக்கிறது என்று ஒவ்வொருவரும் செருகிப் பார்த்து, அந்த எண்ணைத் தன் வரைபடத்தில் போடட்டும். பொறுத்தளவு (டாலரன்ஸ், அளவில் விடும் இடைவெளி) என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. இன்னொன்று, வீட்டிலிருந்து கொண்டுவரும் பிளாஸ்டிக்கை லேசருக்குள் விடாதீர்கள். பிவிசியாக இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் இயந்திரத்துக்கும் கேடு.

மரத்தூளோடு ஓர் இடத்தில் ஒத்துப்போகவில்லை. கோப்பை முந்தின இரவே வாங்கி எல்லாவற்றையும் வகுப்புக்கு முன்பே வெட்டிவிட்டால் வரிசை போய்விடும், உண்மைதான். ஆனால் தன் கோடு மரத்தில் இறங்குவதைப் பார்க்காத பிள்ளைக்குப் பெட்டி கடையில் வாங்கியது போல.

புள்ளிப் பலகை வேண்டாம். முதல் மூவர் இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிடுவார்கள், பின்னால் இருப்பவர்களுக்கு அதற்குப்பின் எட்டிப்பிடிக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் சுவரில் கோளாறுப் பதிவேடு வையுங்கள்: என்ன கண்டோம், என்ன காரணம், எப்படிச் சரிசெய்தோம், மூன்றே வரி. எழுதுகிறவர் தன் சாதனம் ஓடாதவராகத்தான் இருப்பார். ஓடாததற்கே ஒரு மதிப்பு கிடைக்கிறது. மதிப்பெண்ணில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கி, முதல் வாரமே அறிவித்துவிடுங்கள்.

---

மரத்தூள்:

வெர்னியர் சொல்வது நியாயம். எல்லாவற்றையும் முன்கூட்டி வெட்டச் சொல்லவில்லை, ஆனால் தெளிவாக எழுதவில்லை. பெட்டிப் பிரிவில் பத்துப் பேர், இரண்டு பலகை. ஒன்றை வகுப்பில் வெட்டலாம், 30 நிமிடம். மற்றதைத்தான் முன்பே வெட்டவேண்டும், முதலில் கோப்புக் கொடுத்த ஐவருடையது. அவர்கள் வகுப்பு தொடங்கியதும் தேய்த்து ஒட்டலாம், வகுப்பில் வெட்டும்போது அவர்களையே லேசர் பக்கத்தில் நிறுத்துங்கள், பார்த்துக்கொள்ள. மறுமுறை ஐவர் மாறவேண்டும்.

---

திருகாணி:

வேகமாக முடிப்பவர்களை என்ன செய்வது? உதவியாளராக்கினால் மற்றவர்களின் வேலையைத் தாங்களே செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

---

அடைப்புக்குறி:

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உதவச் சொல்லுங்கள். கேள்வி மட்டும் கேட்கலாம், கம்பியையும் விசையையும் தொடக்கூடாது. தெரிந்ததை வாயால் சொல்ல முடியாதபோது தனக்கும் முழுசாகப் புரியவில்லை என்று அவர்களே காண்பார்கள். ஆனால் எல்லா வாரமும் உதவியாளர் வேலை கொடுக்காதீர்கள், அவர்களுக்கும் பாடம் உண்டு. அதே சாதனத்தில் ஒரு கட்டுப்பாட்டைக் கூட்டுங்கள்: பேட்டரி ஒரு வாரம் தாங்கவேண்டும், அல்லது கம்பிகள் நான்குக்கு மேல் போகக்கூடாது, அல்லது மைக்ரோபிட்டின் 25 விளக்குகளையும் அணைத்துவிட்டுச் செய்யவேண்டும். புதுச் சாதனம் தொடங்க விட்டால் பொருளும் தீரும், அதுவும் பாதியில் நிற்கும்.

ஜி1, ஜி3 என்று பார்த்து இணை சேர்க்கவேண்டாம். பட்டறையில் கை தேர்ந்தவர் யார் என்பது கணக்குத் தாளை வைத்துச் சொல்ல முடியாத விஷயம். சோதனைத் துண்டைச் செருகிப் பார்க்கும் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எங்கே ஒழுகுகிறது என்பதை ஊகிக்காமல் எண்ணிப் பாருங்கள். வகுப்பின் 25ஆம் நிமிடமும் 45ஆம் நிமிடமும் ஒரு சுற்றுப் பார்வை. வேலையில் இல்லாதவர் ஒவ்வொருவருக்கும் ஒரு எழுத்து: இயந்திரத்துக்குக் காத்திருப்பவருக்கு 'இ', ஆசிரியருக்குக் காத்திருப்பவருக்கு 'ஆ', அடுத்து என்ன என்று தெரியாதவருக்கு 'அ', முடித்துவிட்டவருக்கு 'மு'. 'இ' கூடினால் மரத்தூள் சொன்னது, 'ஆ' கூடினால் ஓம்விதியின் அட்டை, 'அ' கூடினால் உங்கள் வேலைத்தாளில் படி விட்டுப்போயிருக்கிறது.

---

ஓம்விதி:

எட்டாம் வாரத்துக்கு ஒன்று. வெளியாள் கையில் கொடுக்கும் அன்று பேட்டரி தீர்ந்திருக்கும், இது கிட்டத்தட்ட நிச்சயம். ஏழாம் வாரம் பொருத்தி முடித்ததும் பேட்டரிகளைக் கழற்றித் தனி டப்பாவில் போடச் சொல்லுங்கள். சர்வோ அசையாமல் நின்றாலும் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். மைக்ரோபிட்டுக்கு ட்ரிபிள்ஏ 40, சர்வோவுக்கு டபுள்ஏ 60, அதற்குமேல் வகைக்குப் பத்து உபரி. கடைசி நேரத்தில் பேட்டரிப் பெட்டி, இணைப்பி, 330 ஓம் மின்தடை குறைந்தால் சிம் லிம் டவரில் சில்லறையாகக் கிடைக்கும். பழைய பேட்டரியையும் புதியதையும் ஒரே பெட்டியில் கலக்கவேண்டாம். மல்டிமீட்டரில் 1.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் டபுள்ஏவை அன்றைக்கு ஒதுக்கிவிட்டு, எல்இடி விளக்குச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.